டேகேருக்குப் போகும் குழந்தை: சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் பெற்றோர் செய்ய வேண்டியவை

பேறுகால விடுப்பு முடியப்போகிறது. ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வந்து தங்க வழியில்லை. அடுத்த மாதம் குழந்தையை டேகேரில் விட்டுத்தான் ஆக வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் இருக்கும் டேகேர்களும், ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகளும்தான் என் மனத்தில் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பிள்ளை பசித்தாலும் அழும், வயிறு வலித்தாலும் அழும், கண் உறுத்தினாலும் அழும். ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருந்தால் மட்டும் அழக்கூட அழாது. பகலில் எட்டு ஒன்பது மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அங்குள்ள ஆயாம்மா. அவர் கண்ணில் பட்டதைக் கேட்டு வாங்குவதும், வீட்டில் நீங்கள் கவனித்ததை அவரிடம் சொல்லிவைப்பதும்தான் பாதி வேலை. கேமரா, ஏசி, சுவரில் வரைந்த யானை எல்லாம் அதற்கப்புறம்.

படி 1: இடம் பார்க்கப் போவது

காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனால் பெருக்கித் துடைத்த வரவேற்பறையைத்தான் காட்டுவார்கள். பகல் 12 மணியிலிருந்து 1 மணிக்குள் போங்கள். சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நேரம் அது. டயப்பர் மாற்றியவர் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாரா என்று மட்டும் பாருங்கள். வயிற்றுப்போக்கு, கை கால் வாய் நோய், குடற்புழு எல்லாம் டேகேரில் சுற்றி வருவது பெரும்பாலும் அந்தக் கைகள் வழியாகத்தான்.

ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். ஒரு வயதுக்குக் கீழே மூன்று, மிஞ்சினால் நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதுதான் சரி என்பது என் கருத்து. தீப்பிடித்தால் ஒருவர் இரண்டு கைகளில் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்தால் கணக்கு தானாகவே புரியும்.

பிறகு தரையில் உட்காருங்கள். கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்து தெரியும். குளியலறையில் தண்ணீர் நிரப்பிய வாளி இருக்கிறதா? தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் தண்ணீரே போதும். வாசலில் உள்ள சம்ப் மூடி கனமாக, பூட்டியிருக்கிறதா? பினாயிலும் ஆசிட்டும் தாழ்ப்பாள் போட்ட அலமாரியில் இருக்கின்றனவா, இல்லை பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கழிப்பறை மூலையில் வைத்திருக்கிறார்களா? டிவி சுவரில் திருகி மாட்டப்பட்டிருக்கிறதா, மேசை விளிம்பில் நிற்கிறதா? கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா?

தீ விஷயத்தில் தயவே காட்ட வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் இறந்ததற்குக் கீற்றுக் கூரையும், சமையல் இடத்தில் பற்றிய நெருப்பும், எளிதில் வெளியேற முடியாத கட்டிடமும் காரணங்கள். இன்றும் குடியிருப்புப் பகுதிகளில் வீட்டின் மாடியை டேகேர் ஆக்கி, வெயிலுக்கு மேலே கீற்றுப் பந்தல் போட்டு, ஒரே ஒரு குறுகிய படிக்கட்டோடு நடத்துகிறார்கள். தரைத்தளம், இரண்டு வழிகள், சமையலறைக்கும் பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் நடுவே கதவு, காலாவதி ஆகாத தீயணைப்பான். இந்த நான்கில் இரண்டு இல்லையென்றாலும் வேறு இடம் தேடுங்கள்.

நடுவில் ஒரு தகவல். 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் கொண்டுவந்த, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் க்ரெச் (குழந்தைக் காப்பக) வசதி தர வேண்டும். அம்மா நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம், ஓய்வு நேரமும் அதில் அடங்கும். பல அலுவலகங்களில் நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்வதில்லை. மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சாக வேண்டாம்.

படி 2: கையில் கொடுக்க வேண்டிய தாள்

டேகேர் கொடுக்கும் சேர்க்கைப் படிவம் பெரும்பாலும் பெயர், முகவரி, கட்டணத்தோடு நின்றுவிடும். நீங்களே ஒரு பக்கம் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அதில் பிள்ளையின் இப்போதைய எடை இருக்க வேண்டும், மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எந்த உணவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இதற்குமுன் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறதா, வீசிங் உண்டா, குறைமாதத்தில் பிறந்ததா, கண்ணுக்கு ஏதாவது சிகிச்சை நடக்கிறதா என்பதையும் எழுதுங்கள். யார் யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதைப் புகைப்படத்தோடு ஒட்டிவிடுங்கள். “சித்தப்பா வருகிறார், அனுப்பிவிடுங்கள்” என்று புது எண்ணிலிருந்து போன் வந்தால் உங்கள் எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

தடுப்பூசி அட்டையின் நகலும் வேண்டும். அரசு அட்டவணையில் 9 மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியின் முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணையும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) பூஸ்டரும் வரும். மக்கள் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது சுற்றில்தான். ஒரு வயது தாண்டியதும் ஊசியெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆறு மாதத்துக்கு மேல் ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி, 15 மாதத்துக்கு மேல் போடும் சின்னம்மை ஊசி இரண்டும் அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். டேகேர் பிள்ளை என்றால் இந்த இரண்டையும் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் ஊசி அட்டை கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். கேட்காத இடத்தில் உங்கள் அட்டை மட்டும் இருந்து என்ன பயன்?

படி 3: முதல் சில வாரங்கள்

வேலையில் சேரும் நாளன்றே முதன்முதலாகக் கொண்டுபோய் விடாதீர்கள். பத்து நாள் முன்னதாகவே தொடங்கி, முதலில் ஒரு மணி நேரம் கூட இருந்து, பிறகு இரண்டு மணி நேரம் விட்டு, அப்புறம் சாப்பாடு வரை, அப்புறம் தூக்கம் வரை என்று கூட்டிக்கொண்டே போங்கள். சொல்லாமல் நழுவிவிடுவது பெரியவர்கள் சொல்லும் பழைய உத்தி. அதைச் செய்தால் அடுத்த நாள் உங்கள் புடவைத் தலைப்பை விடவே விடாது. சொல்லிவிட்டு, ஒரே ஒரு முறை டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சேர்ந்த முதல் ஆண்டில் அடிக்கடி சளி பிடிக்கும். ஆண்டுக்கு எட்டு பத்து முறை சளி வருவது டேகேர் பிள்ளைக்கு இயல்புதான், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று பயந்து சத்து டானிக் தேடிப் போக வேண்டாம். எடை ஏறுகிறதா, நடுநடுவே நன்றாக விளையாடுகிறதா என்று பாருங்கள். அது போதும்.

படி 4: பையிலும் உடம்பிலும்

பையைவிட உடம்பில் இருப்பதுதான் முக்கியம். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் தாயத்து, தாயத்தைக் கோத்த ஊக்கு, சட்டையில் இன்னொரு ஊக்கு, கையில் வளையல், காலில் முத்து உதிரும் கொலுசு. பாட்டிக்கு மனம் கோணாமல் கயிற்றைக் கழுத்திலிருந்து இடுப்புக்கு மாற்றிவிடுங்கள். கழுத்தில் எதுவும் வேண்டாம். கட்டிலிலோ கதவுக் கொண்டியிலோ மாட்டினால் சத்தமே வராமல் உயிர் போகும். தங்கம் போட்டு அனுப்புவது பிள்ளைக்கும் ஆயாம்மாவுக்கும் ஒரே சமயத்தில் வினை.

பையில் இரண்டு மூன்று மாற்று உடை, பெயர் எழுதிய தண்ணீர் டம்ளர், இரண்டு சிறிய துண்டுகள். துண்டில் பெயர் இருக்கட்டும், ஏன் என்று கண் பகுதியில் சொல்கிறேன்.

படி 5: சாப்பாடும் தூக்கமும்

கறந்து வைத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் மே மாதத்துக்கு அது பொருந்தாது. ஐஸ் பேக்கோடு கொடுத்து, போனதும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. பாட்டிலைவிடப் பாலாடைச் சங்கோ சிறு டம்ளரோ கழுவுவதற்கு எளிது. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாலாடை என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதற்குக்கூட.

மூச்சுக்குழாயில் சிக்குபவை நம் சமையலறையில் நிறையவே இருக்கின்றன. வேர்க்கடலை, முழுத் திராட்சை, சுண்டல், சீடை, பச்சை கேரட் துண்டு, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை. நவராத்திரிக்கு யாரோ அன்பாகக் கொண்டுவரும் கொண்டைக்கடலைச் சுண்டல்தான் எனக்குப் பெரிய பயம். நான்கு வயது வரை கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியும், பயறை மசித்தும்தான் தர வேண்டும். படுத்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடக் கூடாது. பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி இன்னும் மோசம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதோ என்ற சந்தேகமே எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கு ஓடப் போதுமான காரணம்.

தூக்கத்தில் ஒரு வயது வரை மல்லாக்க, கெட்டியான சமதளப் பாயில், தலையணையும் போர்வைக் குவியலும் இல்லாமல். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையை அங்கே கொடுத்தனுப்ப வேண்டாம். தூளி நம் எல்லோருக்கும் பிடிக்கும்தான். ஆனால் ஒருவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தால்தான் தூளி. நான்கு பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில் அது சாத்தியமில்லை. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை துணியில் முறுக்கிக்கொள்ளும்.

படி 6: எப்போது வீட்டில் வைத்துக்கொள்வது

மூக்கு ஒழுகுவதற்காக மட்டும் நிறுத்தினால் வேலைக்கே போக முடியாது. காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள், மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து வெப்பத்தை இறக்கிவிட்டு அனுப்பும் வழக்கம் எல்லா டேகேரிலும் உண்டு, எல்லா ஆயாம்மாவுக்கும் தெரியும். மதியம் இரண்டு மணிக்குப் போன் வரும், அதற்குள் நாலு பிள்ளைக்குப் பரவியிருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று ஒரு நாள் போகட்டும். சின்னம்மையில் கொப்புளங்கள் எல்லாமே காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. வேப்பிலை கட்டுவது உங்கள் விருப்பம், ஆனால் அம்மை என்பதற்காக டாக்டரைத் தவிர்க்க வேண்டாம். கை கால் வாய் நோயில் காய்ச்சல் விட்டு, வாயில் புண் ஆறி, கொப்புளம் காய்ந்த பின். அந்த வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் கொடுக்கும்போது பொட்டலத்தில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது.

மருந்தை டேகேரில் கொடுக்கச் சொல்வதாக இருந்தால் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பாராசிட்டமாலில் ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 தான் தேவை. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். அதனால் பாட்டிலோடு சேர்த்து, அளவுக் கோடு போட்ட சிரிஞ்சையும் கொடுத்துவிடுங்கள்.

இருமல் சிரப் கொடுத்தனுப்பவே வேண்டாம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான நச்சு கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அதையொட்டி மத்திய அரசின் சுகாதாரத் துறை சொன்னது, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து தரக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்பதுதான்.

டெங்குவைப் பற்றி ஒரு வரி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதாவது டேகேர் நேரத்தில். செப்டம்பர் முதல் ஜனவரி வரை பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர் இவற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று நீங்களே எட்டிப் பாருங்கள். முழுக்கை, முழுக்கால் உடை போட்டு அனுப்புங்கள். கொசு விரட்டிக் களிம்பைப் பிள்ளையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவக் கூடாது, அந்தக் கை அடுத்த நிமிடம் கண்ணுக்குத்தான் போகும்.

படி 7: கண்

இதை நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் யாராவது சொல்லிவிடுவார்கள், கண்ணைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

கண்மையில் தொடங்கலாம். கன்னத்திலோ நெற்றியிலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் மை வேண்டாம். சில மைகளில் ஈயம் இருப்பது பல சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. விரலால் இழுக்கும்போது நகம் விழியைக் கீறும். குளிக்கும்போது கண்ணில் எண்ணெய் விடுவது, சிவந்தால் தாய்ப்பால் பீய்ச்சுவது, தூசி விழுந்தால் வாயால் ஊதுவது எல்லாமே கிருமியை உள்ளே விடும் வழிகள். ஆயாம்மாவும் இந்த வைத்தியங்களை அன்போடு செய்யக்கூடியவர்தான். அதனால் முன்கூட்டியே, மரியாதையாகச் சொல்லிவையுங்கள்: “அக்கா, கண்ணுல என்ன ஆனாலும் சுத்தமான தண்ணி மட்டும் விடுங்க, உடனே எனக்குப் போன் பண்ணுங்க.”

அடுத்தது மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் அடினோ வைரஸ். பார்ப்பதால் பரவாது. கை, துண்டு, தலையணை உறை, பொம்மை வழியாகப் பரவும். துண்டில் பெயர் எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஒரே துண்டால் பத்து முகத்தைத் துடைக்கும் டேகேரில் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் வந்துவிடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் சொட்டு அதைக் குணமாக்காது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையைக் கண்ணைத் தொடாதே என்று சொல்லி நிறுத்த முடியாது. எனவே நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும்வரை வீட்டில்தான்.

மருந்துக் கடையில் “கண் சிவந்திருக்கு” என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்தில்தான் எனக்குக் கோபமே. அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு மாயமாகக் குறையும், நமக்குப் பிடித்துப்போகும், அடுத்த முறையும் அதையே வாங்குவோம். வாரக்கணக்கில் அப்படிப் போட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கும், புரையும் விழலாம். மருத்துவர் எழுதாமல் எந்தச் சொட்டும் வேண்டாம், போன வருடம் எழுதியதும் வேண்டாம். பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்கவே மறுத்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, இமை வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணில் நீர் வந்தாலே மெட்ராஸ் ஐ என்று திருப்பி அனுப்பும் டேகேர்களும் உண்டு. கைக்குழந்தைகள் பலருக்குக் கண்ணீர்க் குழாய் முழுதாகத் திறந்திருக்காது. பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் நீர் தேங்கும், காலையில் பீளை ஒட்டும், ஆனால் வெள்ளைவிழி சிவக்காது. இது தொற்றாது. மூக்கோரத்தில் மசாஜ் செய்யும் முறையை மருத்துவர் காட்டித் தருவார், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். அவரிடமே ஒரு சீட்டு எழுதி வாங்கி டேகேரில் கொடுத்துவிட்டால் தினமும் வாசலில் வாக்குவாதம் இருக்காது. அதேபோல் இரண்டு கண்ணும் அரித்து அரித்துக் கசக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமையாக இருக்கலாம். அதுவும் தொற்றாது, ஆனால் கசக்கும் பழக்கம் நாளடைவில் கருவிழியின் வடிவத்தையே கெடுக்கக்கூடும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

காயங்கள். இங்கே முதல் எதிரி சுண்ணாம்பு. வெற்றிலை போடும் ஆயாம்மாவின் முந்தானையிலோ சுருக்குப் பையிலோ இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டைப் பிள்ளை எடுத்து முகத்துக்கு நேராக வைத்து நசுக்கும், அது வெடித்துக் கண்ணுக்குள் போகும். சுண்ணாம்பில் உள்ள காரம் (ஆல்கலி) கண்ணுக்குள் ஊறிக்கொண்டே போவதால் ஆசிட்டைவிடவும் மோசமான சேதம் இதில் வரும். சுண்ணாம்பு டேகேர் கட்டிடத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது சானிடைசர். பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் மாட்டினால் அது பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும். பிறகு துடைப்பத்து ஈர்க்குச்சி, கூர் சீவிய பென்சில், தீபாவளிக்கு மிச்சமான கம்பி மத்தாப்பு, லேசர் விளக்குப் பொம்மை.

ரசாயனமோ சுண்ணாம்போ கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை உடனே செய்ய வேண்டும். பிள்ளையை மடியில் கிடத்தி, பட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, குடிக்கும் தண்ணீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது 15 முதல் 20 நிமிடம். பிள்ளை கத்தும், விடக் கூடாது. சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுக்கலாம். எலுமிச்சை, பால், நெய் எதுவும் வேண்டாம். பெற்றோருக்குப் போன் பண்ணுவது, ஆட்டோ பிடிப்பது எல்லாம் இன்னொருவர் வேலை. கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வழியில் போகும் அந்த அரை மணி நேரத்தில்தான் பார்வை போகும்.

குச்சியோ கம்பியோ குத்தினால் இதற்கு நேர்மாறு. கழுவக் கூடாது, பிடுங்கக் கூடாது, அழுத்திக் கட்டக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, விளிம்பில் ஒட்டி, அப்படியே கண் மருத்துவமனைக்கு. சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். இந்த இரண்டு பத்தியையும் ஒரு தாளில் எழுதி டேகேர் சுவரில் ஒட்டச் சொன்னால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனி பார்வை. பிறந்து நான்கைந்து மாதத்துக்குப் பிறகும் கண் ஓரமாகப் போய் நின்றால் அது மாறுகண். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களிடம் வாதாட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். ஒரு கண் சரியாகப் பார்க்காவிட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இதைச் சோம்பல் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நன்றாகச் சரியாகும், அதற்குப்பின் கடினமாகிக்கொண்டே போகும். பிள்ளை இன்னொரு கண்ணால் ஓடியாடி, ஊசியில் நூல்கூடக் கோக்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது.

ஆயாம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டியவை இவை: கதைப் புத்தகத்தை மூக்கருகே வைத்துப் பார்க்கிறதா, தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்க்கிறதா, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுகிறதா, படியில் அடிக்கடி தடுக்குகிறதா, ஒரு குறிப்பிட்ட கண்ணைப் பொத்தினால் மட்டும் கோபித்துக்கொண்டு கையைத் தட்டிவிடுகிறதா. கடைசியாகச் சொன்னது விளையாட்டாகவே செய்து பார்க்கக்கூடியது, கண்ணாமூச்சி ஆடும்போது தெரிந்துவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அல்லது கருமணிக்குள் பூனைக்கண் மாதிரி வெள்ளை மின்னினால், ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பல சமயம் அது வேறு ஏதாவதாக இருக்கும். ஆனால் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுவே.

‘அ, ஆ’ படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கண் சோதிப்பார்கள் என்று கேட்கிறார்கள். எழுத்தே தேவையில்லை. சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரித்து, வெளிச்சம் காட்டி, பவர் எவ்வளவு என்று மருத்துவர்கள் அளந்துவிடுவார்கள். மூன்று வயதில் ஒரு முறை, எல்கேஜி சேரும் முன் ஒரு முறை செய்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்குச் சிறு வயதிலேயே கண்ணாடி என்றால் இன்னும் முன்னதாக. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரைச் சோதனை நடந்திருக்க வேண்டும், அதன் சீட்டைப் பத்திரப்படுத்தி, மருத்துவர் சொன்ன இடைவெளியில் தொடர்ந்து காட்டுங்கள். சென்னையில் 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் அரவிந்த் என்று குழந்தைக் கண் மருத்துவத்துக்கு நம்மிடம் இடங்களுக்குக் குறைவில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளை நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று அரசுத் திட்டமே இருக்கிறது. தனியார் டேகேர் பிள்ளைக்கு அது கிடையாது, நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். சோதனைக்குச் சொட்டு விட்ட பிறகு ஓரிரு நாள் கண் கூசும் என்பதை டேகேரில் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி போட்டாகிவிட்டதா? உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால் மென்மையான பட்டை. முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி எறியும். திட்டாமல் திரும்பத் திரும்ப மாட்டிவிடும் பொறுமைசாலி ஒருவர் டேகேரில் வேண்டும். சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொன்னால், தினம் இரண்டு மணி நேரம் என்றால், அதை டேகேர் நேரத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கூட விளையாட ஆள் இருக்கும்போது பிள்ளை மறந்துவிடும். ஒட்டுத்துணி தோலில் ஒட்டியிருக்க வேண்டும், கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்தால் எட்டிப் பார்க்கும்.

திரையைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பது. டேகேரில் எவ்வளவு நேரம் டிவி ஓடுகிறது என்று கேட்காமல் வீட்டில் மட்டும் கண்டிப்பு காட்டினால் கணக்கு உதைக்கும். பகலில் திறந்தவெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. மொட்டை மாடியானாலும் சரி, காலையிலும் மாலையிலும் வெளியே விட வேண்டும்.

வைட்டமின் ஏ சொட்டு 9 மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு 16–18 மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு லட்சம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் வாங்கிவிடாமல் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: அவசரம்

108-ஐ யார் கூப்பிடுவார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று முன்பே கேட்டுவையுங்கள். தொண்டையில் சிக்கி, இருமவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்குக் கீழே முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பில் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேல் ஐந்து முதுகுத் தட்டும், பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி ஐந்து அழுத்தும். கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. காய்ச்சல் வலிப்பில் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன், மூக்கில் வெங்காயம் எதுவும் உதவாது.

படி 9: தொடுதல்

உடம்பு கழுவிவிடுபவர் யார், கதவு திறந்திருக்குமா, ஆண்கள் யாராவது உள்ளே வருகிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. பேசத் தெரிந்த பிள்ளைக்கு உறுப்புகளின் பெயரை மழுப்பாமல் சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பது டேகேர் நிர்வாகத்துக்கும் குற்றம்தான்.

படி 10: மாலையில் கூப்பிடப் போகும்போது

“நல்லா இருந்தானா?” என்று கேட்டால் “நல்லா இருந்தான்” என்றுதான் பதில் வரும். எத்தனை முறை சிறுநீர் போனான், மதியம் எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், கண்ணைக் கசக்கினானா, எங்காவது விழுந்தானா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சின்னக் காயத்தை ஆயாம்மா தானாகச் சொன்னால் கோபிக்காமல் நன்றி சொல்லுங்கள். கத்தினீர்கள் என்றால் அடுத்த முறை சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இருவரும் கை கழுவி உடை மாற்றுவது. குளிப்பாட்டும்போது உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஏதாவது தடயம் இருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துவிட்டு, காலையில் விடும்போது அங்கே கேளுங்கள்.